பென்சில் பட்ட பிரதிகள்

பழைய புத்தகம் சேகரிப்பவர்களுக்கென்று ஒரு பொதுவான தராசு உண்டு. அட்டை மடங்கக் கூடாது, மூலை மழுங்கக் கூடாது, கடையில் சுற்றிய பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தால் இன்னும் உத்தமம். உள்ளே யாராவது பென்சிலால் எதையாவது எழுதிவைத்திருந்தால் அவ்வளவுதான், விலை இறங்கிவிடும். நான் சேகரிக்கும் சரக்குக்கு இந்தத் தராசு ஒத்துவராது என்பது என் கட்சி. எழுத்தே படாத பிரதி என்னைப் பொறுத்தவரை அரைப் பிரதிதான்.

சரக்கு என்னவென்று சொல்லிவிடுகிறேன். 1970களின் பிற்பாதியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், டிகேட்டர் என்ற ஊரிலிருந்து இயங்கிய ஜட்ஜஸ் கில்ட் என்ற சின்ன நிறுவனம் வெளியிட்ட விளையாட்டுத் துணைநூல்கள், வரைபடங்கள். கொடைக்கானலில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் எதற்குச் சேர்க்கிறீர்கள் என்று வீட்டில் கேட்காத நாள் இல்லை. நிலத்தைச் சேர்த்திருந்தாலாவது புண்ணியம் உண்டு என்பார்கள். நான் நில அளவைத் தொழிலில் இருப்பவன். அடுத்தவர் நிலத்தை அளந்து அளந்து நிலத்தின் மேலிருந்த ஆசை போய்விட்டது. வரைபடத்தின் மேலிருந்த ஆசை மட்டும் மிச்சம்.

இந்த விளையாட்டை ஆடாதவர்களுக்காக: ஒரு மேசை, நாலைந்து பேர், கொஞ்சம் பகடைகள். ஒருவர் நடுவர். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேடம். ஒருத்தி வாள் சுழற்றுகிறவள், ஒருவன் மந்திரவாதி, இன்னொருவன் எந்தப் பூட்டையும் திறக்கும் கள்வன். 'எதிரே பாழடைந்த கோபுரம், கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது' என்று நடுவர் சொல்வார். என்ன செய்யப் போகிறோம் என்பதை ஆடுபவர்கள் வாயால் சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்று இழுபறி வரும் இடத்தில் பகடையை உருட்டுவார்கள். நமக்குப் பழக்கமான ஆறு முகப் பகடையோடு நான்கு, எட்டு, பன்னிரண்டு, இருபது முகம் உள்ளவையும் உண்டு. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் எழுதி 1974இல் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இந்த வகைக்கு ஆதி. முதல் அச்சு ஆயிரம் பிரதிகள்தான்.

அந்த முதல் பெட்டியில் விதிகள் இருந்தன, ஊர் இல்லை. வாள் பட்டால் எவ்வளவு காயம் என்று எழுதியிருந்தார்கள்; அந்த வாளை எந்தத் தெருவில், எந்தக் கொல்லன், என்ன மனநிலையில் விற்கிறான் என்று எழுதவில்லை. அதெல்லாம் நடுவர் பாடு. வாரம் முழுக்க வேலைக்குப் போய்விட்டு, சனிக்கிழமை இரவில் உட்கார்ந்து ஒரு நகரத்தையே எழுதி முடிக்க எல்லோராலும் ஆகுமா? இந்த இடைவெளியைத்தான் பாப் பிளெட்சாவும் பில் ஓவனும் பார்த்தார்கள். 1976இல் அவர்கள், மூல விளையாட்டை வெளியிட்ட டி.எஸ்.ஆர். நிறுவனத்திடம் போய், நடுவர்களுக்கான துணைநூல் போடுகிறோம் என்று அனுமதி கேட்டார்கள். இதையெல்லாம் காசு கொடுத்து யார் வாங்குவார்கள் என்பதுதான் அங்கே இருந்த எண்ணம். அனுமதி கிடைத்துவிட்டது. அதே ஆண்டு நடந்த ஜென் கான் விளையாட்டுத் திருவிழாவில் ஒரு கற்பனை நகரத்தின் பெரிய வரைபடத்தை விற்று, கூடவே சந்தாவும் சேர்த்தார்கள். நம் ஊர் வார இதழ்த் தொடருக்குக் காத்திருப்பதுபோல் அவர்கள் அடுத்த தவணைக்குத் தபால்காரரை எதிர்பார்த்துக் காத்திருந்திருக்கிறார்கள்.

அந்த நகரம்தான் 'சிட்டி ஸ்டேட் ஆஃப் தி இன்வின்சிபிள் ஓவர்லார்ட்'. தெருத் தெருவாகக் கடை, கடை கடையாக ஆள். செருப்புத் தைப்பவர் பெயர் என்ன, கடைக்குள் அந்த நேரத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், அங்கே என்ன வதந்தி ஓடுகிறது என்று எல்லாம் இரண்டு மூன்று வரியில். வர்ணனை கிடையாது, அலங்காரம் கிடையாது. 1977இல் வந்த 'டெகல் மேனர்' இன்னும் வேடிக்கை. 240 அறைகள் கொண்ட பேய் மாளிகை. அதில் ரம்ப் என்ற குடும்பத்தின் செத்துப்போன தலைமுறைகள் உலவிக்கொண்டிருக்கும். குடும்பத்தில் அத்தனை பேருக்கும் 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பெயர். சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறார்கள் என்று தெரியும். எழுத்துப் பிழைகளும் ஏராளம். அவசர அவசரமாக அச்சுக்கு அனுப்பிய கையின் சூடு பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. பிற்காலத்தில் பெரிய நிறுவனங்கள் வழவழத் தாளில் வண்ணம் பூசி வெளியிட்டவற்றில் எனக்கு அந்தச் சூடு கிடைக்கவில்லை. இது என் ரசனை. விவாதத்துக்கு நான் தயார்.

இந்த நிறுவனத்தின் உச்சம் என்று பலரும் ஒப்புக்கொள்வது ஜெனெல் ஜேக்வேஸ் எழுதிய இரண்டு நூல்கள்: 'டார்க் டவர்', 'கேவர்ன்ஸ் ஆஃப் திரேசியா'. இவற்றை எழுதியபோது அவருக்கு இருபதுகளின் தொடக்கம். எளிய பாதாள வரைபடம் என்றால் ஒரு வாசல், ஒரு வழி, கடைசியில் ஒரு அரக்கன். ஜேக்வேஸின் குகைகளில் உள்ளே போகப் பல வழிகள். மேல் தளத்திலிருந்து எட்டிப் பார்த்தால் கீழ்த் தளம் தெரியும். ஒரு வழியை அடைத்தால் இன்னொரு வழியாகச் சுற்றிவந்து பின்னாலிருந்து தாக்கலாம். ஆடுபவர்களுக்கு முடிவெடுக்க இடம் விட்ட கட்டுமானம் அது. பின்னாளில் அவர் கணினி விளையாட்டுத் துறைக்குப் போய் 'குவேக்' வரிசையின் இரண்டாம், மூன்றாம் ஆட்டங்களுக்குத் தளங்கள் வடிவமைத்தார். 2024 ஜனவரியில் காலமானார். டி.எஸ்.ஆரின் உரிமம் 1982இல் முடிந்த பிறகு ஜட்ஜஸ் கில்ட் பழையபடி எழுந்திருக்கவே இல்லை.

இனி நான் மயங்கிய இடத்துக்கு வருகிறேன். 1977இல் வெளிவந்த 'வைல்டர்லேண்ட்ஸ் ஆஃப் ஹை ஃபேன்டசி' என்ற தொகுப்பில் ஒவ்வொரு நிலப்பகுதிக்கும் இரண்டு வரைபடங்கள். ஒன்று நடுவருக்கு: ஊர், கோட்டை, சதுப்பு, பாழிடம் எல்லாம் குறிக்கப்பட்டது. இன்னொன்று ஆடுபவர்களுக்கு: அதே நிலம், ஆனால் பெரும்பகுதி வெற்று அறுகோணங்கள். போய்ப் பார்த்து நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள் என்று காசு வாங்கிக்கொண்டு வெற்றுத் தாளை விற்றிருக்கிறார்கள். எவ்வளவு தைரியம் பாருங்கள்.

ஏன் சதுரம் இல்லாமல் அறுகோணம் என்றால், சதுரக் கட்டத்தில் மூலைவாட்டில் போனால் தூரம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும். அறுகோணத்தில் நடுவிலிருந்து அண்டைக் கட்டங்கள் ஆறும் ஒரே தூரம். அந்த வரைபடங்களில் ஒரு கட்டம் ஐந்து மைல், அதாவது எட்டு கிலோமீட்டர். எங்கள் மலையை இந்த அளவில் ஒருமுறை வரைந்து பார்த்தேன். கொடைக்கானலிலிருந்து பழனி நேர்கோட்டில் சுமார் 25 கிலோமீட்டர், மூன்று கட்டம். பஸ்ஸில் போனால் 65 கிலோமீட்டருக்குக் குறையாது, வயிறு புரட்டினால் இன்னும் நீளும். மலை என்று ஒரு கட்டத்தில் குறித்துவிட்டால் அந்தக் கட்டத்தைக் கடக்கும் நேரத்தைக் கூட்டிவிட வேண்டும் என்று விளையாட்டு விதி சொல்கிறது. தொழிலில் பாதி வாழ்நாளைக் கழித்த எனக்கு, தூரத்தை நேரமாக மாற்றும் அந்த ஒரு விதி பல அலுவலகக் கோப்புகளைவிட யோக்கியமாகப் பட்டது.

என்னிடம் முதலில் வந்ததும் அந்த வெற்று வரைபடம்தான். மூஞ்சிக்கல் பக்கம் ஒரு பழைய பேப்பர் கடை. வெளிநாட்டுக் குடும்பங்கள் ஊரைக் காலி செய்துகொண்டு போகும்போது புத்தகம், பாத்திரம், கம்பளி எல்லாம் ஏதோ ஒரு வழியாக இந்த மாதிரி கடைகளுக்கு வந்து சேரும். 1901இல் அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கிய ஊர் இது. கடைக்கார பாய் கட்டு ஒன்றைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். "ஏதோ சர்வே படம் போலிருக்கிறது. உங்கள் ஆபீஸ் சமாச்சாரமாக இருக்கும் என்று எடைக்குப் போடாமல் வைத்தேன் சார்" என்றார். எடைக்குத்தான் வாங்கினேன். பாய் இன்றைக்கும் மடித்த படம் எது வந்தாலும் எனக்குப் போன் செய்கிறார். பெரும்பாலும் குக்கர் வாங்கியபோது வந்த விளக்கத் தாளாக இருக்கும்.

வீட்டுக்கு வந்து விரித்துப் பார்த்தால் வரைபடம் முழுக்கப் பென்சில். கடலோர நகரம் ஒன்றிலிருந்து ஒரு கோடு வடக்கே கிளம்புகிறது, நாலு கட்டம் போய் ஒரு ஆற்றங்கரையில் நிற்கிறது. அங்கே குட்டி எழுத்தில், பாலம் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு. அதற்குக் கீழே வேறொரு கையெழுத்து, அழுத்தமாக: பொய், பாலம் இருக்கிறது. முதல் கை விடவில்லை. அம்புக்குறி போட்டு, இப்போது இல்லை என்று எழுதியிருக்கிறது. மூன்றே வரியில் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களின் குணம் தெரிந்துவிட்டது. பாலத்தை யாரோ எரித்திருக்கிறார்கள். எரித்தது இரண்டாவது கையாக இருக்கும் என்பது என் ஊகம்.

அதன் பிறகுதான் நான் இணையத்தில் தேடி, பென்சில் பட்ட பிரதிகளாகவே வாங்கத் தொடங்கினேன். விலை மலிவு என்பதும் ஒரு காரணம், மறைக்கவில்லை. விற்பவர்கள் மன்னிப்புக் கேட்கும் தொனியில் 'உள்ளே எழுத்துகள் உள்ளன' என்று போட்டிருப்பார்கள். எனக்கு அது விளம்பரம்.

'டார்க் டவர்' பிரதி ஒன்று இருக்கிறது. அட்டையில் ஈரம் பட்டு ஓரம் அலை அலையாக நிற்கும். உள்ளே ஒரு அறையில் இருக்கும் பிராணியின் பெயருக்குப் பக்கத்தில் ஓரத்தில் ஒரு நெடுவரிசை: 31, 24, 24, 11, 6. இது அந்தப் பிராணியின் உயிர்ப் புள்ளிகள் அடி விழ விழக் குறைந்த கணக்கு. இரண்டு முறை 24 இருப்பதால் நடுவில் ஒரு சுற்றில் யாருடைய அடியும் படவில்லை. 6க்குப் பிறகு அடித்தல் கோடு இல்லை, பூஜ்யமும் இல்லை. அடுத்த பக்கத்தைப் புரட்டினால், வேறொரு அறையின் ஓரத்தில் வரிசை மீண்டும் 6இல் தொடங்குகிறது. தப்பித்துப் போய் அங்கே ஒளிந்திருக்கிறது! அங்கேயும் கணக்கு முடியவில்லை. அந்த ஆட்டத்தை ஆடியவர்கள் இப்போது பேரன் பேத்தி எடுத்திருப்பார்கள். பிராணி இன்னும் ஆறு புள்ளியோடு இருக்கிறது.

சிலர் விலை ஏற்றுவதற்காக ரப்பர் வைத்து அழித்துவிட்டு விற்கிறார்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் விளக்கைத் தாளுக்குக் கிடைமட்டமாகப் பிடித்துச் சாய்த்துப் பாருங்கள். பென்சில் அழுந்திய பள்ளம் நிழலாகத் தெரியும். புலப்படங்களில் திருத்தம் நடந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு எனக்கு மூத்த சர்வேயர் ஒருவர் சொல்லிக்கொடுத்த வித்தை இது. பட்டாத் தகராறுக்குக் கற்றது பேய் மாளிகைக்கும் பயன்படுகிறது.

குன்னூரில் ஒரு பெரியவர் இருக்கிறார். தேயிலைத் தொழிற்சாலையில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். அவரும் இதே நிறுவனத்தின் நூல்களைத்தான் சேர்க்கிறார், ஆனால் உறை பிரிக்காதவை மட்டும். என் பிரதிகளில் நானும் என்னோடு ஆடுபவர்களும் எழுதுகிறோம் என்று தெரிந்த அன்று அவருக்கு வந்த கோபத்தை அடக்கவே முடியவில்லை.

"தம்பி, நீங்கள் செய்வது கல்வெட்டின் மேல் சுண்ணாம்பு அடிக்கிற வேலை."

"கல்வெட்டே சுத்தமான சுவரில் யாரோ எழுதியதுதானே ஐயா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு ராகி பிஸ்கட்டைத் தட்டோடு என் பக்கம் நகர்த்தினார். சமாதானம் என்று எடுத்துக்கொண்டேன். அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. என் பிரதியில் ஒரு தாள் குறைகிறதா, நடுவர் வரைபடம் முதலில் எப்படி மடித்து வைக்கப்பட்டிருந்தது என்றெல்லாம் சந்தேகம் வந்தால் நான் கேட்பது அவரைத்தான். உறை பிரிக்காத ஒன்றை எனக்காகவே ஒருமுறை பிளேடு வைத்துப் பிரித்தார். அதைப் பற்றி நான் அதிகம் பேசினால் கோபித்துக்கொள்வார்.

பாதுகாக்கும் விஷயத்தில் மட்டும் நாங்கள் ஒரே கட்சி. இரண்டு பேருக்கும் எதிரி ஈரம். மலிவான தாள் தானாகவே பழுப்பேறும், தொட்டால் ஓரம் உதிரும். ஐப்பசி, கார்த்திகையில் கொடைக்கானலில் மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்; ஒரு வாரம் கவனிக்காவிட்டால் அட்டையில் பூசணம். இரும்புப் பெட்டி பத்திரம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இரவுக் குளிரில் இரும்பு வியர்க்கும். வெளிச்சுவரை ஒட்டாமல் வைத்த மர அலமாரியே மேல். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம், மாதம் ஒருமுறை வெயிலில் காயவைத்து. சுவடிகளுக்கு வைப்பதுபோல் வசம்பைத் துணியில் முடிந்து வைக்கிறேன். இராமபாணப் பூச்சி என் அலமாரியில் கண்ணில் பட்டதில்லை, அது வசம்பாலா குளிராலா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். நீலகிரித் தைலத்தைத் துணியில் தொட்டு அட்டையைத் துடைக்கச் சொல்லும் யோசனையைத் தயவுசெய்து கேட்காதீர்கள். எண்ணெய்க் கறை ஏழு ஜென்மத்துக்கும் போகாது.

ஸ்டேப்ளர் பின் துருவேறினால் தாளையும் சேர்த்து அரிக்கும். நடுப்பக்கத்தைத் திறந்து, பின்னின் இரு கால்களையும் மெல்ல நிமிர்த்தி, முதுகுப் பக்கமாக வெளியே இழுத்துவிட வேண்டும். அதே துளைகளில் மூன்றிழைப் பருத்தி நூலைக் கோத்து முடிச்சுப் போட்டால் போதும்.

இன்னொரு தலைவலி யாரும் சொல்லித் தராதது. இந்த நூல்கள் அமெரிக்க லெட்டர் அளவு: 216 மில்லிமீட்டர் அகலம், 279 உயரம். நம் கடைகளில் கிடைக்கும் ஏ4 உறை 210 அகலத் தாளுக்கானது. நூல் உள்ளே போகவே போகாது, வலிந்து திணித்தால் ஓரம் நசுங்கும். ஃபுல்ஸ்கேப் உறை வாங்கிக்கொள்ளுங்கள். மேலே வெற்றிடம் நிற்கும், நிற்கட்டும்.

வாங்குவதில் உள்ள வேதனை தனிக் கதை. புத்தகத்தின் விலையைவிடத் தபால் செலவு அதிகம். அதற்கு மேல் சுங்கம். ஒருமுறை ஒரு பார்சலைப் பிரித்துப் பார்த்துவிட்டு யாரோ மறுபடி ஒட்டிய டேப் அட்டையின் மேல்தோலையே உரித்துக்கொண்டு வந்தது. இப்போது டி.எஸ்.ஆர். காலத்து விஷயங்கள் பலவும் மறுபதிப்பாகவும் கணினிக் கோப்பாகவும் கிடைக்கின்றன. 'திரேசியா'வும் புதிய பதிப்பில் வந்திருக்கிறது. படிக்க மட்டும் வேண்டுமென்றால் அதுவே போதும், வீண் செலவு வேண்டாம் என்றுதான் கேட்பவர்களிடம் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு முன்னறையில் ஆட்டம் நடக்கிறது. அரசு மருத்துவமனையில் செவிலியராக இருக்கும் ஒரு பெண், சுற்றுலா ஜீப் ஓட்டும் அவள் தம்பி, கல்லூரி மாணவிகள் இருவர். தொடக்கத்தில் அமெரிக்கர்களின் வரைபடத்தில்தான் ஆடினோம். ஆடுபவர்களுக்கு அந்த ஊர்ப் பெயர்கள் வாயில் நுழையவில்லை. ஜீப் ஓட்டும் தம்பிதான் கேட்டான்: "மாமா, இந்தக் கட்டத்தை நம் மலைக்குப் போட்டால் என்ன?" போட்டோம். ஜட்ஜஸ் கில்ட் கற்றுக்கொடுத்த கஞ்சத்தனமான வடிவம் கைகொடுத்தது: ஓர் ஊருக்கு ஒரு வரி, மக்கள்தொகை, தலைவர், விளைபொருள், ஒரு வில்லங்கம். எங்கள் ஏட்டில் ஒரு பதிவு இப்படி இருக்கிறது: 'பூம்பாறை. 400 பேர். தலைவி, ஒரு கண் மங்கிய வைத்தியச்சி. பூண்டு. தெற்கே இரண்டு கட்டம் தள்ளி, ஆளில்லாத காவல் குடிசையில் இரவில் அடுப்புப் புகைகிறது.' தாண்டிக்குடிப் பக்கம் உண்மையாகவே இருக்கும் கற்திட்டைகளைப் பாழிடம் என்று குறித்தோம். அதற்குள் என்ன இருக்கிறது என்று எழுதியிருப்பது என் நடுவர் வரைபடத்தில் மட்டும். போன மாதம் அவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு வேறு வழியில் போய்விட்டார்கள். நான் ராத்திரி விழித்து எழுதியது அப்படியே கிடக்கிறது.

ஆடுபவர்களின் வரைபடத்தில் இப்போது நாலு கையெழுத்து. செவிலியரின் எழுத்து மருந்துச் சீட்டைப் போலவே யாருக்கும் புரியாது. பேரிஜம் ஏரியின் தென்கரையில் அவள் எழுதிய ஒரு சொல்லுக்காகப் பாதிப் பொழுது வாக்குவாதம் நடந்தது. 'முதலை' என்கிறாள், மற்றவர்கள் 'மூலிகை' என்று படித்துவிட்டு இறங்கியிருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 'கேவர்ன்ஸ் ஆஃப் திரேசியா'வின் 1979 பிரதி என்னிடம் இன்னும் இல்லை. யாரிடமாவது இருந்து, கொடுக்க மனமிருந்தால் எழுதுங்கள். அட்டை இல்லாவிட்டாலும் சரி, பின் துருவேறியிருந்தாலும் சரி. தபால் செலவு என்னுடையது. இரண்டு பக்கமும் கெட்டி அட்டை வைத்துக் கட்டுங்கள், டேப் நூலின் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே எழுதியிருப்பதை அழித்துவிட்டு அனுப்பினால் நீங்கள் கேட்கும் விலையைத் தர மாட்டேன்.